அதே மாதிரி இன்ஜின்

பழைய காரிலிருந்து இன்ஜினை இறக்க ஒரு பகல் போதும்; அதே மாதிரி இன்னொன்றைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அம்பாசிடரோ காண்டசாவோ வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கூட வேலை செய்பவர் நாகராஜ், ஆனேக்கல்காரர். கன்னடத்தில் திட்டுவார், தமிழில் சமாதானம் சொல்வார்.

பெங்களூருக்குப் போன வண்டி

தனபால் சார் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அதற்குப் பிறகு அவருக்கிருந்த ஒரே வேலை அவருடைய அம்பாசிடர்தான். இன்ஜின் பிளாக் வெடித்துப்போனது. அதே மாடல், அதே காலத்து இன்ஜின் ஒன்றைச் சேலத்தில் பிடித்து மாற்றிக் கொடுத்தோம். பழைய கார் கண்காட்சிக்குப் பெங்களூருக்கு ஓட்டிப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

பரிசுக்குப் பார்க்க வந்தவர் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தார். வண்டியின் பேப்பரில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். பானெட்டை மெதுவாக மூடினார். இன்ஜின் மாற்றியதற்கான சர்டிபிகேட்டை எல்லாம் தனபால் சார் எடுத்து நீட்டினார். அந்த மனிதர் வாங்கவே இல்லை. “நல்லா வெச்சிருக்கீங்க சார். ஆனா இது பழைய காரு இல்ல, பழைய காரு மாதிரி.”

குருபரப்பள்ளியில் கிடைத்தது

மாணிக்கம் அண்ணன் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். மகள் கல்யாணத்துக்குப் பெண்ணை அவருடைய வெள்ளை அம்பாசிடரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதன் டீசல் இன்ஜின் தேறாது என்றாகிவிட்டது. குருபரப்பள்ளியில் பழைய இரும்புக்காரரிடம் ஒரு டாக்ஸி கிடந்தது. லாரி இடித்துப் பின்பக்கம் அப்பளமாகியிருந்தது. முன்னாலிருந்த இன்ஜினில் ஒரு கீறல் இல்லை. மாணிக்கம் வண்டிக்கு அச்சாகப் பொருந்தியது.

ஸ்டார்ட் செய்து பார்க்க அவர் வந்திருந்த அன்று ஒரு பெண்ணும் வந்தார். அந்த விபத்தில் செத்துப்போன டாக்ஸி டிரைவரின் மனைவி. இரும்புக்காரரிடம் விசாரித்துக்கொண்டு தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். “ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்கண்ணா, சத்தம் மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்” என்றார். சாவியைத் திருப்பினேன். மட்கார்டில் கையை வைத்தபடி நின்றார். அழவில்லை.

யாரென்று மாணிக்கம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் கறுத்தது. “ஆஃப் பண்ணுப்பா. செத்தவன் வண்டி இன்ஜின்ல எம்பொண்ணு மணவறைக்குப் போவாளா? எறக்கு அத.” அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டார். போகும்போது மாணிக்கம் அண்ணனிடம் நின்று சொன்னார்: “பின்னால வந்த லாரி இடிச்சித்தாங்க அவரு போனாரு. தூக்கறதுக்கு ஆளுங்க வந்தப்பகூட இந்த இன்ஜினு ஓடிட்டுத்தான் இருந்துச்சாம்.”

இறக்கிய அன்று

மாணிக்கம் மனம் மாறவில்லை. மறுநாளே அந்த இன்ஜினைச் செயின் பிளாக்கில் கட்டித் தூக்கினோம். கொக்கி நழுவியது. நாகராஜின் வலது கை இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் கத்தியது எந்த மொழியிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி வராண்டாவில் உட்கார்ந்து, இனிமேல் ஸ்பேனர் பிடிக்க முடியுமா என்று வருகிற நர்ஸையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாணிக்கம் ஒரு கூடை மாம்பழத்தோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷன்தான், கண் கலங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, “நான் அப்பவே சொன்னேனே நாகராஜு, அது ராசி கெட்ட இன்ஜின்னு” என்றார். நாகராஜ் கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். “ராசி எல்லாம் இல்லீங்கண்ணா. நீங்க வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா அது வண்டியிலயே இருந்திருக்கும், என் வெரலும் கையிலயே இருந்திருக்கும்.”

இப்போதெல்லாம் ‘அதே மாதிரி இன்ஜின் கிடைக்குமா’ என்று யாராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்துக் கிருஷ்ணகிரியில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தனுப்புகிறேன், அவரும் தன்னிடம் வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து என் நம்பரைத்தான் கொடுக்கிறாராம்.