பொடக்காளியில் ஒரு லாரித் தளம்

என் வீட்டுக்காரருக்கு எந்தச் சாமானையும் அது இருக்கிற மாதிரி விட்டுவைக்கத் தெரியாது. புதிதாக வாங்கின மிக்சிக்கு அடியில் ஒரு பலகை அடிப்பார். பிளாஸ்டிக் சேருக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டுவார். நாமக்கல்லில் முப்பது வருசமாக லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கும் மனுசன். போல்ட்டு போட்டு முறுக்காத எதுவும் அவர் கணக்கில் சாமானே இல்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த அட்டைப்பெட்டியை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தது தரைக்குப் போடுகிற மர டைல்ஸ். ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி. மேலே கொஞ்சம் கொஞ்சம் சந்து விட்டு வரிசையாக மரச் சட்டங்கள், அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் வலை, ஓரத்தில் சின்னச் சின்னக் கொக்கி. ஒன்றின் கொக்கியை இன்னொன்றின் ஓட்டையில் வைத்து மிதித்தால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். ஆணி வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். தண்ணீர் சந்து வழியாக இறங்கிவிடும், ஈரமானாலும் கால் வழுக்காது. கோயம்புத்தூரில் மகள் தன் ஃப்ளாட் பால்கனியில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் கேட்டேன், அவள்தான் வாங்கி அனுப்பினாள். வீட்டை அழகு பண்ணுவதற்கு இல்லை. எனக்குக் குளிக்கப் போக வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு கூத்து உண்டு. புது வீடு கட்டினால் ஒறம்பரை சனமெல்லாம் வந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று, முன்வாசலிலிருந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளி வரைக்கும் பளபளவென்று வெள்ளை டைல்ஸை ஒட்டிவிடுவோம். மழை பெய்யுமே, சோப்புத் தண்ணி சிந்துமே என்று கிரகப்பிரவேசத்தன்று யாருக்குத் தோன்றுகிறது? நாங்களும் ஒட்டினோம். போன மார்கழியில் ஒரு காலை, துணியை அலசிப் போட்டுவிட்டுத் திரும்பினவள் அப்படியே மல்லாந்தேன். இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. பிளேட் வைத்து, ஆறு வாரம் கட்டிலில் கிடந்து, தடியை ஊன்றி எழுந்தேன்.

எழுந்து என்ன பிரயோசனம்? குளியலறை பொடக்காளிக் கடைசியில் இருக்கிறது, சமையல்கட்டுக் கதவிலிருந்து பதினைந்தடி. மாடியில் இன்னொன்று உண்டு, ஆனால் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பதினைந்தடியைத் தனியாகத் தாண்ட எனக்குப் பயம். அதனால் எட்டு மாதமாக அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தலாம், தாழ் போடக் கூடாது. வெளியே நின்றுகொண்டு நிமிசத்துக்கு ஒரு தரம் "ஆச்சா?" என்பார். எப்படி ஆகும்? ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு குளிக்கிற அவமானம், பட்டால்தான் தெரியும். காலையிலேயே பட்டறையில் சோலி என்று அவர் கிளம்பிவிட்டால், மத்தியானம் சோத்துக்கு வரும் வரைக்கும் எனக்குக் குளியல் கிடையாது. வெயில் காலத்தில் அந்தக் கசகசப்போடு அடுப்படியில் நிற்பேன். யாரையும் கூப்பிடாமல், எனக்குத் தோன்றுகிற நேரத்தில், தனியாகப் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அவர் பெட்டியைப் பிரித்தார். ஒரு டைலைத் திருப்பிப் பிடித்து, கொக்கியை நகத்தால் சுண்டினார். அந்த முகத்தில் வந்த இளக்காரத்தைப் பார்க்க வேண்டுமே. இந்தக் கொக்கியை நம்பி ஒரு மனுசி நடக்கிறதா, ரெண்டு மாச வெயிலுக்கே பொரிந்து போகும், பட்டறைக்குக் கொண்டுபோய் ஒழுங்கு பண்ணிக் கொண்டு வாரேன் என்றார். அப்படியே போட்டு மிதித்தால் போதுமுங்க, அரைமணி நேர வேலை என்று நான் சொன்னேன். மகளும் போனில் சொன்னாள். யார் காதில் வாங்கினது? சாயங்காலம் பார்த்தால் பெட்டியைக் காணோம்.

நாளைக்கு, நாளைக்கு என்றே மூன்று வாரத்தை ஓட்டினார். கேட்டால், நல்ல வேலை என்றால் நேரம் பிடிக்கத்தான் செய்யும் என்பார். ஊருக்கெல்லாம் முழுசு முழுசாக லாரி கட்டி அனுப்புகிற மனுசனுக்கு என் பதினைந்தடிக்கு நேரம் பிடிக்கிறதாம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டியானைச் சரக்கு வண்டியில் டைல்ஸ் வந்து இறங்கியது. இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, முப்பது டைலையும் மூன்று பாளமாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட்டு முறுக்கியிருந்தார். கொக்கியெல்லாம் இடைஞ்சலாக இருந்ததாம், கிரைண்டரில் வழித்துவிட்டாராம். அதுகூடப் போச்சாது என்று விடலாம். தண்ணீர் இறங்குவதற்கு இருந்த சந்துகளையெல்லாம் லப்பம் வைத்து அடைத்திருந்தார். லாரிக்குப் பெயிண்ட் அடிக்குமுன் பள்ளம் மேடு தெரியாமல் பூசுவார்களே, அந்த லப்பம். அதற்கு மேல் ரெண்டு கோட்டு வார்னிஷ். பொடக்காளி வெயிலில் எடுத்துப் போட்டபோது அதில் என் முகம் தெரிந்தது.

சந்துகளை ஏனுங்க அடைச்சீங்க என்று கேட்டேன். சந்து விட்டால் சரக்கு ஒழுகும், என் பட்டறையிலிருந்து சந்து விட்ட லாரித் தளம் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்றார். பெருமை பிடிபடவில்லை மனுசனுக்கு.

"நான் என்னங்க, நெல்லு மூட்டையா, மக்காச்சோளமா? நடக்கறதுக்குங்க கேட்டேன்" என்றேன்.

அது அவருக்கு ஏறவே இல்லை. எத்தனை தண்ணி ஊத்தினாலும் மரம் உப்பாது பாரு என்று ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டினார். இறங்க வழியில்லாமல் தண்ணீர் அப்படியே நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, நடந்து காட்டுகிறேன் என்று ஏறினார். ரெண்டாவது எட்டில் கால் வாரிவிட்டது. தொப்பென்று விழுந்தார்.

நான் சமையல்கட்டுக் கதவில் தடியோடு நின்றிருந்தேன். நான் போகவில்லை. ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தேன், உடனே எடுத்துக்கொண்டேன். இடையில் அந்த ஈரத் தரை. கட்டின மனுசன் கீழே கிடக்கிறார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

"நீ வராத புள்ள. அங்கயே நில்லு" என்றார், கிடந்தபடியே. அப்புறம் உருண்டு, ஓரத்துக் குழாயைப் பிடித்து எழுந்தார். முழங்கையில் தோல் வழண்டதோடு போயிற்று.

பயம் தெளிந்ததும் எனக்கு வந்ததே கோபம்! கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்து வைத்ததை அன்றைக்கே கொட்டினேன். மிக்சிப் பலகையைக்கூட விடவில்லை. மறுநாள் அவர் ஆள் வைத்துப் பாளங்களை வண்டியில் ஏற்றினார். லப்பத்தைச் சுரண்டிப் பழையபடி ஆக்கிக் கொண்டு வாரேன் என்று முனகிக்கொண்டே போனார்.

பழையபடி ஆக இன்னும் எத்தனை வாரமோ. எனக்குப் பொறுமை போய்விட்டது. மகளுக்குப் போன் போட்டு இன்னொரு பெட்டி அனுப்பச் சொன்னேன். அப்பனுக்கு மூச்சு விடாதே சாமி என்றும் சொல்லி வைத்தேன்.

நாலாம் நாள் காலை, அவர் பட்டறைக்குப் போன பின்னால் பெட்டி வந்தது. என்னால் அதைத் தூக்க முடியாது. முன்வாசலிலேயே கிழித்து, துணிப்பையில் ரெண்டு ரெண்டாகப் போட்டுச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்கே மூச்சு வாங்கியது.

எனக்குக் குனியவும் கூடாது, குத்தவைக்கவும் கூடாது. அதனால் கதவோரம் நின்றபடியே முதல் டைலைத் தரையில் நழுவவிட்டேன். தடியால் தள்ளி நேராக்கினேன். அடுத்ததை அதன் பக்கத்தில் தள்ளி, கொக்கிமேல் நல்ல காலால் ஒரு மிதி. டக். அந்த ரெண்டின் மேலும் ஏறி நின்றுகொண்டு அடுத்த ரெண்டு. பிளாஸ்டிக் சேரில் டைல்களை அடுக்கி, என் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனேன். அடுக்கினது தீர்ந்தால் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். நடுவில் ஒரு கெரகம் பிடித்த டைல் கோணிக்கொண்டு மாட்ட மாட்டேன் என்றது. அதைத் திட்டின திட்டு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பத்தடி தாண்டினபோது ரெண்டு பக்கமும் வெள்ளைத் தரை மினுங்கியது. தரையைப் பார்க்காமல் மரத்தை மட்டும் பார்த்தேன். அரைமணி நேர வேலை எனக்கு ரெண்டரை மணி நேரம் ஆனது.

உள்ளே போய்த் தாழ் போட்டேன். சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். ஒரு அவசரமும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சும்மா உட்கார்ந்து இருந்துவிட்டு, இன்னொரு சொம்பு ஊற்றினேன். அழுகையாகவும் வந்தது.

மத்தியானம் அவர் சோத்துக்கு வந்தார். கையில் ஒரு சாக்கு. உள்ளே பழைய டைல்ஸ் பத்து. ஆக்சா பிளேடால் ஒவ்வொரு சந்தாக லப்பத்தைச் சுரண்டி, வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். விரல் நுனியெல்லாம் கீறல். பத்து ஆச்சு, மீதி இந்த வாரத்தில் முடிந்துவிடும், கொக்கி போன இடத்தில் கம்பி கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், என் ஈரத் தலையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தார். பின்கதவுக்கு வெளியே பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"யாரு கூட வந்தா?"

"யாரும் வல்லீங்க."

மிதித்தால் போதும் என்று சொன்னேனா இல்லையா என்று கேட்பதற்கு நாலு நாளாக மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தேன். அவர் சாக்கை மெதுவாகச் சுவரோரம் வைத்தார். கையைக் கழுவப் போகாமல் அங்கேயே நின்றார்.

"அப்ப நாளையிலிருந்து நான் வந்து நிக்க வேண்டாமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இத்தனை மாதமாகக் காத்துக் கிடந்தேன். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.