மெர்சிங் மணலில் மச்சானின் மோட்டார்

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி ஜோகூர் பாருவில் எங்கள் ஜவுளிக்கடையை மூன்று நாள் அடைத்திருந்தோம். காற்றும் மழையும் ஓய்ந்திருந்த சமயம். வீட்டில் படுத்துத் தூங்கலாம் என்றிருந்த என்னைக் கிளப்பியவர் என் மனைவி மரியத்தின் அண்ணன் காசிம். மச்சான் பெரிய யுத்தத்தின்போது பஸ்ராவுக்கு அப்பால் பாலைவனத்தில் லாரி ஓட்டியவர். அங்கே வழியோரம் கோபுரம் கோபுரமாகப் பாறைகள் நிற்குமாம். ஒருநாள்கூட வண்டியை நிறுத்திப் பார்க்க விடவில்லையாம். வருஷக்கணக்கில் இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இப்போது பழைய மோட்டார் கார் ஒன்று வாங்கியிருந்தார். கிழக்குக் கடற்கரையில் மெர்சிங் பக்கம் மைல் கணக்கில் வெள்ளை மணலும் அதிசயப் பாறைகளும் இருப்பதாக யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"நம்ம ஊர்ப் பாலைவனம், மாப்பிள்ளை. சாவகாசமாப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

சாவகாசம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. மெர்சிங் எண்பத்து நாலு மைல். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, மரியத்தோடு மூவரும் கிளம்பினோம். சாலைக்காக மேட்டை வெட்டிய இடம் கண்ணில் பட்டால் போதும், மச்சான் இறங்கிவிடுவார். சிவப்பு மண் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். கல்லை உடைத்து வண்டியில் போடுவார். இருபத்தாறாவது மைலில் கோத்தா திங்கி வருவதற்குள் பின்சீட்டில் மரியத்துக்குக் கால் வைக்க இடமில்லை.

அங்கிருந்து பத்து மைல் விலகிப் போனால் அருவி. அழகான அருவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டிக்கொண்டு போன சோறு தீர்ந்து, வெயில் உச்சி தாண்டிய பிறகும், மச்சான் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து நின்றார்.

"மச்சான், பொழுது சாயப் போவுது."

"அருவி எங்க ஓடிப் போவுது? நமக்குத்தான் என்ன அவசரம்?"

"மெர்சிங் போகணும்."

"போலாம், போலாம்."

அன்றிரவு மெர்சிங்கில் நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை மாடியில், ஆளுக்கு அரை வெள்ளி வாடகை கொடுத்துப் படுத்தோம். காலையில் கடைக்காரர், "தென்னந்தோப்பு முடியற எடத்துல வண்டிய நிப்பாட்டிட்டு நடந்து போங்க. கடல் ஏறுற நேரம்" என்று சொல்லியனுப்பினார். நான் கேட்டுக்கொண்டேன். வண்டி ஓட்டியவர் கேட்கவில்லை.

ஈர மணலில் அரை மைல் வழுக்கிக்கொண்டு போனோம். பிறகு பின்சக்கரங்கள் புதைந்தன. பாலைவனத்து வித்தை என்று மச்சான் டயர்களில் காற்றை இறக்கினார். வண்டி இன்னும் ஆழமாக இறங்கியது. அப்போது நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அலை முன்சக்கரத்தைத் தொட்டதும் மரியமும் நானும் இறங்கிவிட்டோம். மச்சான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போனாப் போவுது, எறங்குங்க மச்சான்!"

"நான் வரல."

தண்ணீர் படிப்பலகைக்கு ஏறியது. அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "அங்க சின்னையான்னு ஒருத்தன். அவன் லாரி மணல்ல மாட்டிக்கிச்சு. லாரி வரிசை எங்கயும் நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அவன வண்டியோட விட்டுட்டுப் போனோம். மறுநாள் வந்து பாத்தா வண்டியும் இல்ல, ஆளும் இல்ல."

அவரிடம் எத்தனையோ யுத்தக் கதை கேட்டிருக்கிறேன். இதை அவர் சொன்னதே இல்லை. மரியம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய், வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நானும் வரல, காக்கா" என்றாள் அண்ணனிடம்.

மச்சான் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

தோப்பிலிருந்து மலாய் மீனவர்கள் ஏழெட்டுப் பேர் கயிறும் படகுப் பலகையுமாக ஓடிவந்து வண்டியைக் கரையேற்றினார்கள். காசு கொடுத்தும் வாங்கவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த இயந்திரம் மட்டும் அதன் பிறகு மூச்சே விடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை மாதங்களில் போகாதீர்கள். மணலில் சக்கரம் வைக்காதீர்கள். கடல் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, தோப்பிலிருந்து ஒன்றரை மைல் நடந்துவிடுங்கள். வற்றிய பிறகு தெரியும் பாறைகள் நிஜமாகவே அதிசயம்தான். கறுப்பும் பழுப்புமான அடுக்குகளை யாரோ ஈரத்தோடு மடித்து, அப்படியே செங்குத்தாக நிறுத்திவைத்தது போல இருக்கின்றன. வண்டி கெட்டால் ஜோகூர் பாரு திரும்ப மீன் லாரிதான் கதி. ஆளுக்கு ஒரு வெள்ளி, மூன்று நாளைக்கு நாற்றம் போகாது.

எங்களை ஏற்றிக்கொள்ள வந்த லாரிக்காரர் தோப்பில் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். கடல் வற்றியபின் அந்தப் பாறை மேல் கையை வைத்து நின்ற மச்சான், தூரத்தில் இன்னும் அங்கேயே புள்ளியாகத் தெரிந்தார். மூன்றாவது தடவை அடிக்கப் போனவரின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: கொஞ்சம் பொறுங்கள், அவர் பார்த்துவிட்டு வரட்டும்.