கழுதைப்படை நடித்த படம்

தோட்டவெளி மணலில் அறுபது வருசத்துக்கு முன்னர் ஒரு சரித்திரப் படம் எடுத்தார்களாம். குதிரை கிடைக்காமல் நாற்பது கழுதைகளுக்குச் சேணம் கட்டி, தூரத்தில் ஓடவிட்டு, அதுதான் படையென்று காட்டினார்களாம். போன மாசி மாதத்திலிருந்து மன்னாரில் இந்தக் கதை உலாவுகிறது. நம்பக் கஷ்டமில்லை. எங்கள் தீவில் கழுதைக்கும் பஞ்சமில்லை, படைக்கும் பஞ்சமில்லை.

விசாரிக்கப் போனேன். பள்ளிமுனையில் கருவாட்டு வியாபாரி செபமாலை கதிரையை இழுத்துப் போட்டார்.

"என்ர அப்பாட மூண்டு கழுதை அதில நடிச்சது."

"நீங்கள் படம் பார்த்தனீங்களோ?"

"நான் அப்ப பிறக்கேல்ல."

"அப்பா சொன்னவரோ?"

"அவர் ஒண்டும் சொல்லேல்ல. பெருமை அடிக்கிற ஆள் இல்லை அவர். பெனடிக்ற் மாஸ்டர்ட புத்தகத்தில கிடக்கு, பாருங்கோ."

பார்த்தேன். 'சரித்திரப் படங்களும் கதை எழுதும் கலையும்', நூற்றிருபத்தெட்டுப் பக்கம். முதல் அதிகாரம், கண்ணால் காணாததை எழுதாதே என்று அதட்டுகிறது. கழுதைப்படை கடைசி நான்கு பக்கத்தில் ஓடுகிறது. வெளியிட்டவர் மன்னார் நகரில் ஹில்மி. கலியாணக் கார்ட்டுக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கும் இடையில் வருசம் இரண்டு மூன்று நூல் போடுகிறவர்.

அவருடைய அச்சகத்தின் பின்னறையில் பதினொரு வருசமாகக் கணினியில் எழுத்தடிப்பவர் றிஸ்மினா. புத்தளம் அகதி முகாமில் பிறந்து, பதினெட்டு வயதில் பெற்றோரோடு முசலிக்குத் திரும்பியவர். சினிமாவைப் பற்றி மட்டும் ஆறு புத்தகம் அடித்திருக்கிறார். ஒரு படத்தையும் முடியுமட்டும் பார்த்ததில்லை. அறைக்கு ஒரேயொரு யன்னல். விற்காத புத்தகக் கட்டுகள் அதை மேல்விளிம்பு வரை மூடியிருந்தன.

"வெளிச்சம் வேணுமெண்டால் ஆராவது வாங்கோணும்," என்றார்.

அந்தப் படத்தைப் பற்றி மாஸ்டருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். எழும்பிப் போய், ஹில்மி முன்னால் இருக்கிறாரா என்று பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான்தான்."

புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சேறும். கடைசியில் நான்கு பக்கம் வெறுமையாக நின்றது. வெறுங்கடதாசி விற்க மாட்டேன், எழுதித் தருகிறேன் என்ற மாஸ்டர், கண் சத்திரசிகிச்சைக்கு மகளிடம் வவுனியா போய்விட்டார். புத்தகம் கட்டுகிறவர் காத்திருந்தார். "ஏதாவது போட்டு நிரப்பும் தங்கச்சி," என்றார் ஹில்மி. ஐந்து புத்தகம் அடித்த கை, தானாகவே ஒரு படத்தை உண்டாக்கியது. திரும்பி வந்ததும் மாஸ்டர் கண்டுபிடிப்பார், ஏசுவார், அதோடு முடியும் என்று றிஸ்மினா நினைத்திருந்தார். மாஸ்டர் புதுக்கண்ணால் வாசித்துவிட்டுச் சொன்னது: "நான் எழுதினது நல்லாத்தான் வந்திருக்கு."

பிறகு அவர் மூன்று பாடசாலையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். போன இடமெல்லாம் அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இப்போது அந்தப் படத்துக்கென்றே ஒரு முழுப்புத்தகம், மார்கழியில் வெளியீடு. மாஸ்டர் போனில் குரல்பதிவு அனுப்புவார்: "நாலாம் அதிகாரம். போர். நீர் விரிச்சு அடியும் பிள்ளை." றிஸ்மினா விரித்து அடிப்பார். அட்டையில் மாஸ்டர் பெயர்.

"மாட்டன் எண்டு சொல்லலாமே?"

"ஹில்மி நானாட்ட சொன்னனான், அப்பிடி ஒரு படமே இல்லையெண்டு. 'மண்டபம் எடுத்தாச்சு, விருந்தினர் இருக்கினம், படம் மட்டுந்தானே தங்கச்சி இல்லை' எண்டார்."

படத்தைக் கொல்லவும் பார்த்திருக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில், இருந்த ஒரேயொரு படச்சுருளையும் தோணியோடு கடலில் தாழ்த்தினார். மாஸ்டரின் குரல் உடனே வந்தது: "அருமை. சுருளைத் தேடிப்போன கதையை ஆறாம் அதிகாரமாக்குவம்."

"மாஸ்டரிட்ட நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னால் இந்தக் கதிரை போயிடும். வீட்டில உம்மாட மருந்து இந்தக் கதிரையிலதான் நிக்குது."

சொல்லிப்போட்டு அன்றைக்கே போனில் செய்தி போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாஸ்டர் வீடு தோட்டவெளியில். வயது எழுபத்தாறு. தேத்தண்ணி வந்தது. மெல்லத் தொடங்கினேன்.

"மாஸ்டர், அப்பிடி ஒரு படம் வரேல்லயெண்டும் சிலர் சொல்லினம்."

"நீர் பார்த்தனீரோ?"

"இல்லை."

"பார்க்காத படத்தை இல்லையெண்டு எப்படிச் சொல்லுவீர்? நான் பார்க்கேக்க எனக்குப் பதினாறு. படக்கொட்டகையில முன்வாங்கில இருந்தனான். முடிவில செத்த வீரன்ர தாய் அவன்ர வாளை மணலில புதைச்சுப்போட்டு நடந்து போவா. அதைப் பிள்ளை அடிக்கேக்க விட்டிட்டுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும்; வாரந்தோறும் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். அது அந்த முகம் இல்லை. அப்படி ஒரு காட்சி றிஸ்மினாவின் நான்கு பக்கத்திலும் இல்லை. அந்த நான்கு பக்கத்தையும் விட நன்றாகவும் இருந்தது.

"அதைக் கடைசி அதிகாரமாப் போடச் சொல்லும்," என்றார்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. "அதோட முடிஞ்சிடும், என்ன மாஸ்டர்?"

"ஓம். முதலாம் பாகம் முடியும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

பஸ்ஸில் வரும்போது றிஸ்மினாவின் செய்தி வந்தது: "சொன்னீங்களா?" திறந்து வாசித்துவிட்டேன், வாசித்தது அவருக்கும் தெரியும். மாஸ்டர் பத்திரிகையில் மரண அறிவித்தல் மட்டும் பார்க்கிறவர், ஹில்மி அச்சடித்ததையே வாசிக்காதவர். ஆகவே இங்கே எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. மூன்று கிழமையாகிறது. பதிலுக்கு ஓம், இல்லை இரண்டில் ஒன்றைத் தட்டினால் போதும். இன்னும் தட்டவில்லை.