பாலச்சந்திரன் ஏற்றிவிட்ட கீரை விலை

வங்கியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பொருளாதார வகுப்பு எடுப்பதுதான் புனேயில் பாலச்சந்திரனின் உத்தியோகம். சரக்கு கொஞ்சமாக இருந்து கேட்கிறவர்கள் கூடினால் விலை ஏறும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டுவார். கோடு போடத் தெரிந்த மனிதருக்கு வாயை மூடத் தெரியவில்லை. இதை அவரே தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்.

1999 ஜனவரியில் மனைவி சியாமளாவுக்கு ஐந்தாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. முருங்கைக்கீரை இருந்தால் ரெண்டு வாய் இறங்கும் என்றாள். அவர்கள் குடியிருந்த ஔந்த் பகுதிக் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கும், கீரைக்கு எங்கே போவது? அலைந்து திரிந்து, பக்கத்துச் சாங்வியில் கூடும் புதன் சந்தையில் காய்கறி விற்கும் மந்தாபாயைப் பிடித்தார். அவள் வீட்டு முருங்கை மரத்துத் தழையைச் சீந்த ஆளில்லை. கட்டு ஒரு ரூபாய் என்றாள். அன்றைக்குச் சியாமளா வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு சும்மா இருந்தாரா மகாராசன்? தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, சந்தை, கிழமை, விலை அத்தனையும் ஒப்பித்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

அடுத்த புதன் மந்தாபாய் முன்னால் பதினோரு தமிழர்கள். கட்டு ஐந்து ரூபாய். அதற்கடுத்த வாரம் பத்து. இருப்பதோ ஒரே மரம், அதுவும் மொட்டையாகிக்கொண்டு வந்தது. மூன்றாம் வாரம் இவர் போனபோது மிச்சம் ஒரே கட்டு. இவர் அதன் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை ரயில்வேக்காரர் பத்மநாபன் பிடித்திருந்தார்.

"பதினஞ்சு தர்றேம்மா," என்றார் பத்மநாபன்.

"இருபது!"

"சார், ஒரு ரூபான்னு மைக்ல சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன் சார், என் வாயில மண்ணைப் போட! இருபத்தஞ்சு!"

பத்மநாபன் கையை எடுத்தார். மந்தாபாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அரே சாகேப், நான் விலையே சொல்லலையே!" என்றாள் மராத்தியில்.

வீட்டில் சியாமளா கீரையை வதக்கிச் சோற்றில் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"எவ்வளவுங்க குடுத்தீங்க?"

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். "அதே ஒரு ரூபாதான்."

"இன்னுமா ஒரு ரூபா? அப்ப வளைகாப்புக்கு முப்பது கட்டு சொல்லி வச்சிடுங்க. வர்றவங்க எல்லாருக்கும் கீரை அடைன்னு பக்கத்து வீட்டு அமலாகிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன்."