செங்கல் நகரத்தில் ராத்தாவின் மூலை வீடு

பழைய கணினித் திரை சூடேறும்போது ஒரு மணம் வரும். தூசு கருகுவதும் பிளாஸ்டிக் இளகுவதும் கலந்த அந்த மணத்தில் எங்கள் ஊர்க் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் ஏதாவது கணினி திருத்தும் கடையில் அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குப் பத்து வயதாகிவிடும், கூடவே ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மணத்துக்கு ஏன் பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து மூன்று மாதம் கழிந்திருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீடும் போய், உம்மாவும் போய், மிஞ்சியது வாப்பா, என் அக்காவான ராத்தா, நான் என்ற மூன்று பேர்தான். பிரதான வீதிக்கு மேற்கே, உம்மாவின் தம்பி மனைவியான மாமியின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். மாமாவும் மாமியும் பிள்ளைகளோடு இங்கிலாந்தில் இருந்ததால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. "தெறப்ப எடுத்துத் தெறந்து இரிங்க மச்சான், இதெல்லாம் கேக்கிற விசயமா?" என்று மாமா தொலைபேசியில் வாப்பாவை ஏசினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். ஐந்து பெண் பிறந்தால் ஐந்து வீடு. இருக்கிற வளவு நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வீடுகள் கடற்கரை வரைக்கும் இறங்கிப் போகும். வாப்பா "மேசன்", கொத்துவேலைக்காரர். ஊர்க் குமர்ப் பெண்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த மனிதர், ராத்தாவுக்கென்று கடலோரத் துண்டில் தன் கையாலேயே கல்லரிந்து, கதவு நிலை மட்டத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார். கலியாணமும் பேசி முடிந்திருந்தது. அலை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய், அத்திவாரத்தையும் கிணற்றையும் மட்டும் விட்டுவைத்தது. பிறகு, கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் யாரும் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. வாப்பா தினமும் காலையில் போய் அந்த அத்திவாரத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு வருவார்.

மாமாவின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. வெறுந்தரையில் வீதி போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, மின்சாரம் கொடுத்து, ஒரு முழு நகரத்தையே கட்டி எழுப்பலாம். முதலில் நான்தான் அதை நோண்டினேன். என் வீதிகள் கணக்குக் கொப்பியின் சதுரக் கோடுகள்போல நேராக ஓடின. உம்மா போன நாளிலிருந்து எதிலும் ஒட்டாமல் திரிந்த ராத்தா பின்னால் வந்து நின்று, "எழும்பு புள்ள, இதுவும் ஒரு ஊரா?" என்றாள்.

மாமியின் அலுமாரியில் மாமா குடியிருந்த ஊரின் படங்கள் ஒரு அல்பம் நிறைய இருந்தன. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் புகைபோக்கி, மாட்டு வண்டித் தடம்போல வளைந்து ஓடும் வீதி, நடுவில் கறுத்துப்போன கல் தேவாலயம், கார்கள் சுற்றிப்போகும் வட்டம். அதை அப்படியே கட்டுவதென்று ராத்தா பிடிவாதமாக இருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத நிலமாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். "மாமாட ஊருல கடலில்ல" என்றாள். முதலில் தேவாலயம், பிறகு கடைத்தெரு, அதிலிருந்து கோணல்மாணலாகக் கிளை பிரியும் வீதிகள், பின்புறம் ரயில் பாதை. ஒரு வீதி தப்பித்தவறி நேராக விழுந்தால் உடைத்துத் திரும்பப் போடுவாள். விளையாட்டு அந்த நாட்டிலிருந்து வந்தது என்பதால் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடின, எங்கள் கல்முனை பஸ்ஸைப்போல.

அந்த ஒட்டு வீடுகளைப் பார்த்து நாங்கள் கொண்ட முடிவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "இது ராத்தா தங்கச்சிமார்ட வரிசை. ஆறு ஊடு. ஆறு குமர். பாவம் அந்த வாப்பா" என்றாள் ராத்தா. வேறு எதற்காக மனிதர்கள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்போகிறார்கள்? வரிசைகளை அப்படித்தான் வைத்தோம். கடைசிப் பெண்ணுக்கு வளவு போதாமல் போனால், ஒரு பூங்காவையே இடித்து இடம் எடுத்தோம். இதை மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்து அடங்க வெகுநேரமானது. "இங்க பக்கத்து ஊட்டுக்காரன் மௌத்தாகிக் கெடந்தாலும் எங்களுக்குத் தெரியாது மகள்." "அப்ப ஏன் மாமா செவர ஒட்டிக் கட்டுறாங்க?" என்று ராத்தா கேட்டாள்.

வாப்பாவும் சில நாள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார். அத்திவாரம் வெட்டாமல் வீடு எழும்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. "சரி, மழ பெஞ்சா தண்ணி எங்கால ஓடும்? ஒரு தோணா வெட்டு புள்ள" என்றார் ஒரு நாள். தோணா என்பது எங்கள் ஊரை ஊடறுத்துக் கடலுக்குப் போகும் நீரோடை. ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தோணா வெட்டினா அதால கடல் வரும் வாப்பா" என்றாள். அதன் பிறகு வாப்பா அந்த அறைப் பக்கம் வரவில்லை.

தேவாலயத்துக்கு அருகே, ஒரு வரிசையின் முடிவில், இரண்டு மாடி மூலை வீடு ஒன்று இருந்தது. அதன்மேல் ராத்தா தன் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தாள். முன்னால் ஒரு மரம் வைத்தாள். "இது என்ட" என்றாள். பத்து வயதில் எனக்கு, பெரிய பிரச்சினை ஒன்று ஒருவாறு தீர்ந்துவிட்டதென்றே பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேர அசர் தொழுகை முடிந்த நேரம், ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ராத்தா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள். வந்தவர் எங்கள் உம்மாவை நினைத்து உண்மையாகவே அழுதார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "காக்கா, ஊட்டு விசயம் என்ன மாதிரி? வேற எடத்துல ஒரு துண்டுக் காணியாவது இரிக்கா?"

ஊருக்கெல்லாம் வீடு கட்டிய என் வாப்பா தோளிலிருந்த துவாயை எடுத்து மடித்து மடித்துப் பிரித்தார். என்னால் அதைத் தாங்கமுடியவில்லை.

"ராத்தாக்கு ஊடு இரிக்கி மாமி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். "எங்க, மகள்?"

கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். திரை சூடேறும்வரை, அந்த மணம் வரவர, அவர் பொறுமையாகவே நின்றார். செங்கல் நகரம் எழும்பி வந்தது. "இன்னா, இந்த மூல ஊடு. ரெண்டு மாடி. பேரும் போட்டிரிக்கி."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். என் தலையில் கையை வைத்து, "யா றப்பே" என்று இறைவனை அழைத்தார். திரும்பியபோது வாசலில் ராத்தா தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தேத்தண்ணியை யாரும் குடிக்கவில்லை.

ஒரு கிழமையில் பதில் வந்தது. "புள்ள தங்கமான புள்ளதான். ஆனா எங்கட மகன எங்க கொண்டு வெக்கிற?" அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "கொம்பியூட்டருக்குள்ள ஊடு குடுத்த ஆக்கள்" என்று ஊரில் ஒரு கதையும் கிளம்பி, வாப்பா வேலைசெய்யும் இடம் வரைக்கும் போனது. நான் இல்லாவிட்டாலும் அந்தக் கலியாணம் நின்றுதான் போயிருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் இல்லாமையை அந்த மனுசியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியவள் நான்தானே. எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ராத்தா என்னை ஏசவில்லை, அடிக்கவுமில்லை. கணினியை நிறுத்தி, ஒரு படுக்கை விரிப்பால் மூடினாள். அதை அவள் பிறகு தொடவேயில்லை.

மேற்கே வயலை மண்போட்டு நிரப்பிய ஒரு துண்டு நிலத்தை வாப்பா தேடிப்பிடித்து, ஒரு வீட்டை எழுப்பி முடிக்கப் பத்து வருடம் எடுத்தது. அதற்குள் ராத்தாவுக்கு முப்பது கடந்து, வந்த பேச்சுகளும் நின்றுவிட்டன. "தங்கச்சிட பேருக்கு எழுதுங்க வாப்பா. எனக்கு இனி ஆரு வரப்போறா?" என்றாள். வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயருக்கு எழுதப்பட்டது. என் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் வாப்பா மௌத்தானார்.

கடலோரத் துண்டு இப்போது இல்லை. ஆண்டாண்டாகக் கரையை அரித்த கடல் அத்திவாரத்தை எடுத்தது. கிணறு மட்டும் சில காலம் அலைக்குள் தனியாக நின்று, பிறகு சாய்ந்தது. போன முறை பார்க்கப் போனபோது அதுவும் இல்லை. வாப்பா எழுப்பிய இந்த வீட்டின் பின்னறையில் ராத்தா தையல் மெசினோடு இருக்கிறாள். முன் மண்டபத்துக்கு வருவதென்றால் வாசலில் நின்று ஒருமுறை செருமிவிட்டுத்தான் வருவாள். இது அவள் வீடும்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

என் எட்டு வயது மகளும் மடிக்கணினியில் நகரம் கட்டுகிறாள். இப்போதெல்லாம் அந்த நாட்டுச் செங்கல் வீடுகள் புகைபோக்கியோடு ஆயத்தமாகவே கிடைக்கின்றன. போன கிழமை ராத்தா செருமிக்கொண்டு உள்ளே வந்தபோது, மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "பெரியம்மா, இந்த வரிசையில ஒங்களுக்கும் ஒரு ஊடு வெக்கவா?"

ராத்தா குனிந்து, அந்த வரிசையை ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள்.

"வேணாம் மகள்" என்றாள். "வெச்சா ஆராச்சும் பாக்க வருவாங்க."