அவர் மெஷினில் மட்டும் ஓடிய லினக்ஸ்

மேடவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, டிக்கெட் அடிக்கும் கையடக்கக் கருவி செய்கிறது. அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை நாங்கள் ரெடிமேடாக எடுப்பதில்லை. மூல நிரலிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கம்பைல் செய்து கட்டுகிறோம். நாங்கள் என்றால் சீனியர் ஒருவர். அவர் மெஷினில் மட்டும்தான் அந்தக் கம்பைல் கடைசிவரை ஓடும். மற்ற மெஷின்களில் பாதியிலேயே எரர் அடித்து நின்றுவிடும்.

எரரை எடுத்துக்கொண்டு அவர் சீட்டுப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். "வெயிட் பண்ணுங்க மேடம், டீ குடிச்சிட்டு வரேன்" என்பார். வந்து, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் மெஷினிலேயே முடித்துக் கொடுப்பார். என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எக்ஸ்பீரியன்ஸ் மேடம். ஆறு வருஷம் வீட்ல இருந்துட்டு வந்திருக்கீங்க, மெதுவா வரும்" என்றார், நாலு பேர் கேட்க. மகளுக்காக விட்ட ஆறு வருஷம் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் ஒருநாள் என் சீட்டுக்கு வந்து நிற்க வேண்டும், நான் டீ குடிக்கப் போக வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன்.

சிட்லபாக்கம் வீட்டில், பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் ஓடிய கம்பைல் ஒரு கரண்ட் கட்டில் போகும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு எரருக்கும் என்ன வந்தது, நான் என்ன தப்பாக நினைத்தேன், எது சரி செய்தது என்று எழுதிக்கொண்டே போனேன். கோபத்தில் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது போலிருக்கிறது.

ஒரே ஒரு எரர் மட்டும் நாலு ஞாயிறு என்னை அலைக்கழித்தது. பிறகு ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் மெஷினில் உட்கார்ந்தேன். கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் எங்கள் எல்லாருக்கும் டாஷ் என்ற வகை. அவருக்கு மட்டும் பாஷ் என்ற இன்னொரு வகை; அதில் அந்த எரர் வராது. எப்போதோ கையால் மாற்றிவிட்டு மறந்திருக்கிறார். ஏன் ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது! இவ்வளவுதானா உன் எக்ஸ்பீரியன்ஸ் என்று வாய்விட்டே சொன்னேன். எழுதிவந்த ஆவணத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

ஒரு புதன்கிழமை அவர் மெஷினின் டிஸ்க் செத்தது. வெள்ளிக்கிழமை டெலிவரி. நான் எழுதுவதை அறிந்திருந்த மேனேஜர் என்னிடம் வந்து, "நீங்க எழுதி வச்சீங்களே, அத சாருக்கு அனுப்புங்க" என்றார்.

அனுப்பும் முன், ஷெல்லை மாற்றச் சொல்லும் அந்த வரிமேல் கை போனது. புது டிஸ்க்கில் அவருக்கும் டாஷ்தான்; அதை அழித்தால் என் சீட்டுக்கு வந்தே தீருவார். ஆனால் நாலு ஞாயிறு உழைத்துக் கண்டுபிடித்த வரி. அழிக்க மனசு வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

மதியம் வரை வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன், என் ஆவணத்தைத் திறந்துவைத்து, ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு, பில்டு முடிந்தது என்று எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் கிளம்பிவிட்டார்.

கேட்பதற்கு ஒரு சந்தேகம்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரம் இப்போது பாதிக்கு மேல் என்மேலேயே இருக்கிறது.