சலூன்காரர் படுத்துப் பார்த்த பெஞ்ச்

சலூன்காரரின் வலது கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்து மூன்று மாதமாகிறது. உச்சி முடியை வெட்ட அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்றபோது காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கோ ஒரே கவலை: கை போனால் கடை போச்சு. மனைவியின் முன்முடியும் வெட்டாமல் வளர்ந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. வேறு யாரிடமும் அவள் தலையைக் கொடுக்க மாட்டாள்.

"சாய்வு பெஞ்ச் ஒண்ணு வாங்கிப் போட்டு, படுத்தபடியே தினம் சின்ன எடை தூக்குங்க. கை வழிக்கு வந்துடும்" என்றார் மருத்துவர்.

மனைவியோடு போன உடற்பயிற்சிச் சாமான் கடையில் எங்கும் கண்ணாடி. மதிய வெயில் அவற்றுக்குள் புகுந்து ஆறு பெஞ்சுகளை அறுபதாக்கியிருந்தது. தன் கடையே பெருகிக் கிடப்பதுபோல் அவருக்கு ஒரு மயக்கம்.

விற்பனைப் பெண் காட்டிய ஒவ்வொரு பெஞ்சுக்கும் பின்னால் போய் நின்றார். சாய்மானத்தை ஏற்றினார், இறக்கினார். தலை வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உறுதியான ஒன்றை, "ரொம்பத் தாழ்வு, குனிஞ்சே இடுப்பு போயிடும்" என்று ஒதுக்கினார். லொடலொடவென்று ஆடிய உயரமான ஒன்றைத் தட்டிக்கொடுத்தார்.

"நிக்கிறதுக்கு இதுதான் தோது. பில் போடும்மா."

"சார், படுக்கப் போறது யாரு?"

"யாரா இருந்தா என்ன..." என்றவர் பாதியில் விழித்தார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்கதான் படுக்கணும்! முப்பது வருஷமா ஊரார் தலைக்குப் பின்னால நின்னு, நமக்கும் ஒரு தலை இருக்குன்னே மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். தன் கடை நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஒதுக்கிய தாழ்வான பெஞ்சிலேயே கூச்சத்தோடு சாய்ந்தார். அந்தப் பெண் சாய்மானத்தை மூன்றாவது படியில் பூட்டினாள். பெஞ்ச் ஆடவில்லை. இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கண்ணாடிகள் விலகிப்போய் வெள்ளைக் கூரை மட்டும் மிஞ்சியது. மின்விசிறி சோம்பலாகச் சுற்ற, பேச்சுக் குரல்கள் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்டன. தன் நாற்காலியில் கண்ணயர்ந்தவர்கள் எல்லாரும் எங்கே போய்வந்தார்கள் என்று இப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். ஒரு கிலோ டம்பெல்லை அவர் வலது கையில் வைத்தாள். சரிந்த தலையை இரண்டு விரலால் நேராக்கினாள்.

"ஆடாம இருங்க."

அவர் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை.

கை எழுந்தது. தோள் மட்டத்தில் வழக்கம்போல் முரண்டு பிடித்தது. அவருக்குப் பயம் வந்தது. அவள் குனிந்து முழங்கையை ஏந்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை மேலே போய், அவள் நெற்றியில் தொங்கிய முடியில் டம்பெல்லைப் பிடித்திருந்த விரல் பட்டது.

கண் கலங்க, அந்த நுனியை அவர் தொழில்காரப் பார்வை பார்த்தார்.

"இடது பக்கம் நீளம் அதிகம்" என்றார். "கொஞ்ச நாள் பொறு. நானே வெட்டிவிடுறேன்."